பிடிபட விரும்பிய ஆமை

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், அதைத் தெரிந்துகொள்ளத் தனிப் படிவம் இருக்கிறது, மயிலேறி என்று ஓர் ஆமை இருந்தது. காட்டுக் காவல்படை அலுவலகத்தில் பியூன் வேலை. காலையில் வாங்கப் போன டீ மாலையில்தான் வந்து சேரும். அதனால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆறிய டீ பழகிவிட்டது.

மயிலேறிக்கு அந்த வாரம் ஒரே ஒரு கவலை. ஆற்றங்கரை மணலில் அதன் மனைவி பேச்சி பதினோரு முட்டை இட்டு மூடி வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் குஞ்சுகள் வெளியே வரும். மணலிலிருந்து தண்ணீருக்கு இருபது முழம்தான். ஆனால் கரை முழுக்கக் காக்கைகள் உட்கார்ந்திருக்கும். போன தடவை ஒன்பது முட்டை. மயிலேறிக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. ஒன்றுகூடத் தண்ணீரைத் தொடவில்லை. அதைப் பற்றி வீட்டில் இரண்டு பேரும் பேசுவதே கிடையாது.

இந்தத் தடவை மூன்று முறை லீவு எழுதிக் கொடுத்தது. மூன்று முறையும் 'பயிற்சி முகாம் நடப்பதால் இயலாது' என்று திரும்பி வந்தது.

என்ன முகாம்? பயங்கரவாதத் தடுப்புப் பயிற்சி முகாம். நம் காட்டில் பயங்கரவாதம் உண்டா என்றால், இல்லை. பக்கத்துக் காட்டில் முகாம் நடத்திவிட்டார்கள், நாம் நடத்தாவிட்டால் மானம் போகாதா? அதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு பூநாரை அம்மாவை வரவழைத்தார்கள். எப்படியும் வருஷா வருஷம் குளிருக்கு வருகிற பறவைதான். இந்த வருஷம் நிபுணர் என்று போர்டு வைத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு நாள் வகுப்பு. திரையில் படம் காட்டிப் பூநாரை பாடம் நடத்தியது. தீவிரவாதிக்கு அடையாளம் நான்கு: வேர்க்கும், அவசரப்படுவான், கண்ணைப் பார்க்க மாட்டான், கேள்வி கேட்டால் மழுப்புவான். "முக்கியமாக ஒன்று," என்றது பூநாரை. "நம் கவனத்தைத் திருப்ப வேறு யாரையாவது அனுப்புவார்கள். ஏமாறக் கூடாது." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பஜ்ஜி வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. யாராவது ஒருவர் தீவிரவாதியாக நடிக்க வேண்டும். அவர் யார் என்பது பரம ரகசியம். மூன்று காவலைத் தாண்டி ராஜாவின் குகைக்குப் போகப் பார்ப்பார், படை அவரைப் பிடிக்க வேண்டும். வேஷம் கட்ட ஒருவரும் வரவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் கறை விழுந்தால் யார் பொறுப்பு? கடைசியில் இன்ஸ்பெக்டர் கரடி தங்கமலை, மயிலேறியைத் தனியாக அழைத்தது.

"யோவ் மயிலேறி, நீ தீவிரவாதியா இருந்திரு. பத்து நிமிஷத்துல பிடிச்சிடுவாங்க. பிடிச்சவர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வா, உடனே லீவுல கையெழுத்து. இலாகா யானையிலேயே ஆத்தங்கரைக்கு அனுப்பி வைக்கிறேன். போதுமா?"

"அய்யா, உங்க புண்ணியத்துல என் பிள்ளைங்க பிழைச்சுக்கும்," என்றது மயிலேறி.

முதுகில் ஒரு பிஞ்சுப் பலாவை வைத்துக் கொடியால் கட்டினார்கள். அதில் கரியால் 'குண்டு' என்று எழுதினார்கள். மயிலேறி கிளம்பியது. சீக்கிரம் பிடிபட வேண்டும், சீக்கிரம் பிடிபட வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தது.

முதல் காவலில் ஏட்டு வீரபுத்திரன், காட்டுப்பன்றி. கையில் அந்த நான்கு அடையாளம் எழுதிய தாள்.

"ஏட்டய்யா, என்னைப் பிடிங்க. இன்னைக்கு நான்தான் தீவிரவாதி."

வீரபுத்திரன் ஏற இறங்கப் பார்த்தது. "உனக்கு வேர்க்குதா?"

"ஆமைக்கு எங்கேய்யா வேர்க்கும்?"

"அவசரமா?"

"ரொம்ப அவசரம்யா. சாயங்காலம் குஞ்சு பொரியுது."

"கதை விடாதே. அந்த ஆலமரத்துலேர்ந்து இங்கே வர அரை மணி நேரம் எடுத்தே. நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்? கண்ணை நேரா பார்க்கிறே. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றே." ஏட்டு தாளை மடித்தது. பிறகு அதன் முகம் மலர்ந்தது. "ஓகோ, புரிஞ்சு போச்சு. என் கவனத்தைத் திருப்ப உன்னை அனுப்பியிருக்காங்க. நான் ஏமாறுவேனா? போ, போ, வழியை மறைக்காதே."

"அய்யா, முதுகுல குண்டு இருக்குய்யா!"

"நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போ."

மயிலேறிக்கு அழுகை வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தது.

இரண்டாம் காவலில் குரங்குகள் புது மிஷின் ஒன்றை வைத்திருந்தன. உள்ளே போகிறவர்களைப் பார்த்து அது கத்தும். நீண்ட வரிசை. மயிலேறி நுழைந்ததும் மிஷின் ஓவென்று கத்தியது. அப்பாடா என்று நின்றது மயிலேறி.

"ஏன் நிக்கிறே? நகரு," என்றது ஒரு குரங்கு.

"மிஷின் கத்துதே?"

"அது எல்லாரையும் பார்த்துக் கத்தும். வாங்கின நாள்லேர்ந்து அப்படித்தான். கத்தாம இருந்தா மட்டும்தான் நாங்க நிறுத்திச் சோதிக்கிறோம்."

மூன்றாம் காவலில் ஆளே இல்லை. குரூப் போட்டோ எடுக்கப் போயிருந்தார்கள். மயிலேறி நேராகக் குகைக்குள் போய்விட்டது. உள்ளே சிங்கராஜா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். (ராஜாவை மட்டும் 'அது' என்று சொல்ல மாட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.)

"டீயா?" என்று கேட்டார் ராஜா.

"குண்டு, ராஜா."

"அந்த ஓரமா வை."

மயிலேறி பலாவை அரியணைக்கு அடியில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, யாராவது வந்து பிடிக்க மாட்டார்களா என்று வாசலையே பார்த்தது. யாரும் வரவில்லை. ராஜா குறட்டை விட ஆரம்பித்தார். மூன்று மணிக்கு ஒத்திகை முடிந்ததற்கான விசில் ஊதியபோதுதான் இன்ஸ்பெக்டர் தங்கமலை தேடிக்கொண்டு ஓடி வந்தது. அரியணையைப் பார்த்தது, பலாவைப் பார்த்தது, தலையில் அடித்துக்கொண்டது.

"அடப்பாவி! உள்ளேயே வந்துட்டியா? நாசமாப் போச்சு! அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சா மொத்தப் படையும் ஃபெயில். ஃபெயில்னா நாளையிலேர்ந்து மறுபடியும் மூணு நாள் முகாம். சட்டப்படி அதே ஆள்தான் தீவிரவாதி."

"அய்யா! சாயங்காலம் என் பிள்ளைங்க..."

"பிடிபட்ட சீட்டு இல்லாம லீவு எப்படிய்யா தர முடியும்?"

மயிலேறி பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை. பொய் சொல்ல வேகமாக யோசிக்க வேண்டும், மயிலேறிக்கு அது வராது. ஆனால் அன்றைக்கு ஆற்றங்கரைக் காக்கைகள் கண் முன்னால் வந்தன. விறுவிறுவென்று பூநாரை இருந்த பந்தலுக்குப் போனது, அதாவது முக்கால் மணி நேரத்தில்.

"அம்மா, என்னைப் பிடிச்சுட்டாங்கம்மா. முதல் காவல்லேயே பிடிச்சுட்டாங்க. நான் ஓடினேன். ஏட்டு வீரபுத்திரன் துரத்தி மடக்கிட்டாரு."

பூநாரை கண்ணாடியைக் கழற்றியது. "நீ ஓடினாயா?"

"பறந்துச்சும்மா!" என்றது, ஒத்திகை முடிந்து மற்றவர்களோடு பந்தலுக்கு வந்திருந்த வீரபுத்திரன். அதற்குக் கணமும் யோசனை தேவைப்படவில்லை. "ரெண்டு மைல் துரத்தினேன். மணிக்கு நாற்பது மைல் இருக்கும்."

"நாங்க மரத்து மேலேர்ந்து பார்த்தோம்," என்றன குரங்குகள். "புழுதிதான் தெரிஞ்சது."

பூநாரைக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் அடுத்த காட்டில் திங்கட்கிழமை முகாம், அங்கே காட்ட ஒரு வெற்றி வேண்டும். 'மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் தப்பியோடிய தீவிரவாதியை வீரர்கள் மடக்கிப் பிடித்தனர்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டது. கீழே தங்கமலையும் போட்டது. எல்லோருக்கும் சான்றிதழ், வீரபுத்திரனுக்குப் பதக்கம். செய்தி வாசிக்கும் மைனாக்கள் அறிக்கையை மனப்பாடம் செய்துகொண்டு நாலா திசையும் பறந்தன.

மயிலேறி, வீரபுத்திரன் எழுதிக் கொடுத்த சீட்டையும் லீவு உத்தரவையும் வாயில் கவ்விக்கொண்டு வந்தது. "அய்யா, யானை?"

தங்கமலை தரையைப் பார்த்தது. "மயிலேறி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. நடக்க முடியாதவங்களுக்குத்தான் இலாகா யானை. நீ நாற்பது மைல் வேகத்துல ஓடுறேன்னு நான் இப்பதான் கையெழுத்துப் போட்டேன். அதே கையால யானைக்கு எப்படிய்யா எழுதுவேன்?"

"அய்யா, நான் ஆமைய்யா!"

"எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே."

மயிலேறி அதற்கு மேல் கெஞ்சவில்லை. நடந்தது. மூங்கில் புதரைத் தாண்டும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. இப்போது மண் அசையும், இப்போது முதல் தலை வெளியே வரும், இப்போது காக்கை இறங்கும் என்று எண்ணிக்கொண்டே நடந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு எதற்குப் பிள்ளை பெற்றேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டது.

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. மணலில் குழி. குழியில் வெறும் ஓடுகள். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"போச்சா?" என்று கேட்டது மயிலேறி.

"போச்சுங்க," என்றது பேச்சி. "பதினொண்ணும் தண்ணிக்குள்ள போச்சு."

மயிலேறிக்குக் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. "காக்கா?"

"வெறும் மண்ணைக் கொத்திட்டுப் போச்சு. சாயங்காலம் இதுங்க தலையை நீட்டுற நேரம் பார்த்து மைனா வந்து கத்துச்சு, ஆமை மயிலேறி மணிக்கு நாற்பது மைல் ஓடினாருன்னு. பிறந்ததும் அதுங்க கேட்ட முதல் சேதியே அதுதாங்க. நாம மெதுவா போற இனம்னு நானும் வாயைத் திறந்து சொல்லல. எடுத்துச்சு பாருங்க ஓட்டம்! காக்கா இறக்கையை விரிக்கிறதுக்குள்ள பத்து தண்ணியில."

"பத்தா? பதினொண்ணுன்னியே?"

"கடைசிக் குட்டி மட்டும் நின்னுச்சு. அப்பா எங்கேன்னு கேட்டுச்சு."

மயிலேறி தலையைப் பாதி ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. "நீ என்ன சொன்னே?"

"முன்னால ஓடிட்டாருன்னு சொன்னேன். உங்களைப் பிடிக்கத்தாங்க அது அப்படி ஓடுச்சு."

நீதி: அரசாங்க அறிக்கையை நம்பாதே. நம்பித்தான் ஆக வேண்டுமென்றால், முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த அன்றைக்கே நம்பிவிடு.