மே பதினாலாம் தேதி முன்சீட்டு

“ஒண்ணுமே இல்லண்ணே,” என்றாள் ஆபீஸ் கிளார்க் அனுசியா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். “மே பதினாலு, ரெண்டாயிரத்து ஒம்போது. அன்னைக்கு ஒருத்தருமே மலைக்குப் போகலங்குது.”

சின்ராசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே அவருடைய புது ஜீப்பின் நெற்றியில் அந்தத் தேதியை எழுதுவதற்காக பெயிண்டர் பிரஷ்ஷோடு காத்திருந்தார்.

“நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே,” என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி சுகன்யா. “அது நானே இல்ல. வேற எவளையோ ஏத்தியிருக்கீங்க. அவ தேதிய எழுதுன ஜீப்புல நான் கால வைக்க மாட்டேன்.”

போடியிலுள்ள அந்த ஏலத்தோட்ட ஆபீசில், ஜீப்பில் மலையேறுகிறவர்களின் பெயரை ஏறும்போதே கம்ப்யூட்டரில் பதிந்துவிடுவார்கள். வளைவில் ஏதாவது ஆகிவிட்டால் யார் யார் போனார்கள் என்று தெரிய வேண்டுமே! அதை நம்பித்தான் மனைவியை இங்கே இழுத்து வந்திருந்தார்.

அந்த நாளை அவர் மறப்பதாவது! வீரபாண்டித் திருவிழா முடிந்து, மலையில் குடியிருக்கும் சனமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் ஓட்டிய பழைய ஜீப்பின் பின்னால் ஆள்மேல் ஆள். யார் முகமும் தெரியாது. சாயங்கால நடையில் முன்சீட்டில் ஓர் இடம் காலியாக இருக்க, சிலமலை ஊர்ப் பெண் ஒருத்தியை “முன்னால ஏறும்மா” என்றார். போடிமெட்டு வரைக்கும் ஹாரன் பேசியதே தவிர அவர் பேசவில்லை. மேலே குளிர்காற்றில் ஏலக்காய் வாசம் வந்தபோது அவள் மெல்லச் சிரித்தாள். அந்த வயசு இனித் திரும்பவா போகிறது? நினைத்தாலே இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ‘நான்தான் இவளை மொதல்ல பாத்தேன்’ என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சுகன்யாவோ, ‘அன்னைக்கு நான் மலைக்கே போகல’ என்று ஒவ்வொரு தடவையும் சாதிப்பாள்.

மலையேறத் தன் பெயரைப் பதிய வாசலில் நின்ற பாண்டியம்மாள் வாயைத் திறந்தாள். அந்தக் காலத்தில் சுகன்யாவோடு ஏலக்காய் பறித்தவள். “அண்ணே, அன்னைக்கு…”

“நீ சும்மா இரு பாண்டியம்மா!” என்று சுகன்யா வெடுக்கென அடக்கினாள்.

“மணியையும் சேத்துப் போடு தாயி. சாயங்காலம் அஞ்சு,” என்றார் சின்ராசு.

ஒரே ஒரு பெயர் வந்தது.

“ஜோதி,” என்று படித்தாள் அனுசியா.

“யாரு அந்த ஜோதி?” என்றாள் சுகன்யா.

“எனக்கென்ன தெரியும்? ஊருக்குள்ள ஆயிரம் ஜோதி.”

“ஆயிரமா?”

சின்ராசுவுக்கு வேர்த்தது. “பதினாலுல இருந்து பதினாலு வரைக்கும்னு போட்டுப் பாரு தாயி.”

போட்டாள். மறுபடியும் காலி. ஜோதியையும் காணோம்.

“இருந்த ஒருத்தியையும் மறைச்சாச்சா?” என்றாள் சுகன்யா.

அனுசியா நெற்றியில் தட்டிக்கொண்டாள். “அட, பதிஞ்ச எல்லாத்துலயும் மணியும் சேந்துல்ல கெடக்கு! தேதிய மட்டும் கேட்டா, இது ராத்திரி பன்னெண்டு மணின்னு எடுத்துக்கிடுதுண்ணே. டாண்ணு பன்னெண்டுக்கு எவன் மலையேறுவான்? மணியக் கண்டுக்காத, தேதிய மட்டும் பாருன்னு சொல்லணும்.”

“வெரசா சொல்லு தாயி!”

“வேணாம் அனுசியா,” என்று திடீரெனக் குறுக்கே வந்தாள் சுகன்யா. “வீட்டுல சோலி தலைக்கு மேல கெடக்கு. ஜோதிய நான் மன்னிச்சுட்டேன். வாங்க, போவோம்.”

அதற்குள் திரையில் பெயர்கள் மளமளவென்று இறங்கின. ஜோதி டாணென்று அஞ்சு மணிக்கு வேறு யாருடைய ஜீப்பிலோ ஏறியிருந்தாள். சின்ராசுவின் ஜீப்பில்: சுகன்யா, சிலமலை.

“பாத்தியா!” என்று மேசையில் ஓங்கித் தட்டினார். போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

அதற்குக் கீழே இன்னொரு சுகன்யா, சிலமலை. அதற்கும் கீழே இன்னொன்று.

“என்ன தாயி இது? மணிய விட்டதுல கம்ப்யூட்டரு கொழம்பிருச்சா?”

“கொழம்பலண்ணே. மணி பத்திரமா இருக்கு. இந்தா, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணு நடையும் உங்க ஜீப்புதான். எறங்குறப்ப பஸ்சுல வந்திருப்பாங்க.”

சின்ராசு மனைவியைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த கடிகாரத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. வயசுப் பெண்ணை ஒரே நாளில் மூன்று தடவை மலையேற வைத்திருக்கிறார்களே!

“பாவம்டி நீ. அந்தக் கங்காணி உன்னய வேலைக்கு இப்படியா அலைய விட்டான்?”

பாண்டியம்மாளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“கங்காணிய ஏண்ணே வையிறீக? அன்னைக்குத் தோட்டமே லீவு. மொத ரெண்டு நடையும் நீங்க திரும்பிப் பாக்கலன்னா அவ என்ன செய்வா?”