வெளிச்சுவரில் நரகம் வரைந்த விவரம்

ஏற்காடு
12.11.1978

அன்பு மகள் ஞானசுந்தரிக்கு,

அப்பா அருள்சாமி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், உன் அம்மா, பசுமாடு மூவரும் சௌக்கியம். மாட்டின் விஷயத்தில் மட்டும் இதை நீ அப்படியே நம்பலாம். அங்கே பனி விழத் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொள்.

ருமேனியாவிலேயே இன்னும் இரண்டு வருஷம் தங்கி, பழைய சுவர்ச் சித்திரங்களைப் பழுதுபார்க்கும் படிப்பையும் முடிக்கட்டுமா என்று நீ கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நம் கோயில் சுவர் விஷயத்தை நானே சொல்லிவிடுவது நல்லது. உன் அத்தை எழுதினால், ரிட்டயரான பிறகு எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

எல்லாம் ஏப்ரலில் நீ அனுப்பிய கலர் போட்டோவில் ஆரம்பித்தது. புக்கோவினா பக்கத்து வொரோனெட்ஸ் மடத்துக் கோயில், அதன் மேற்குச் சுவர் முழுக்கக் கடைசித் தீர்ப்பு நாள், கீழே ஓர் ஓரத்தில் சிவப்பு ஸ்கார்ப் கட்டிக்கொண்டு கட்டைவிரல் நகம் அளவுக்கு நீ. ஸ்டீபன் ராஜா நாலு மாதத்துக்குள் கட்டியதையும், அறுபது வருஷம் கழித்து வெளிச்சுவரில் படம் எழுதியதையும், கோயில் சிறியதாகையால் வெளியே நிற்கும் சிப்பாய்களும் குடியானவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளவே அப்படி எழுதினார்கள் என்று சொல்வதையும் நீ விவரமாக எழுதியிருந்தாய். நீ சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் எழுதவில்லை. அந்தப் போட்டோவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடிகிறது. உன் அம்மா அதை அரிசி டின்னில் ஒளிப்பாள், நான் எடுத்து ஜெபப் புத்தகத்தில் ஒளிப்பேன், அப்புறம் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இருக்காது. இது இப்படியே போனால் சரிப்படாது என்று நான் நம் பங்குச் சாமியாரிடம் போய், "ஏனுங்க சாமி, நம்ம கோயிலும் நாப்பது பேருக்கு மேல கொள்ளறதில்லீங்க. வெளிய நிக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்லீங்க" என்று ஆரம்பித்து, ஸ்டீபன் ராஜா வரைக்கும் சொல்லி, அதே படத்தை நம் வெளிச்சுவரிலும் எழுதச் சம்மதம் வாங்கிவிட்டேன். அரிசி டின் விஷயத்தைச் சொல்லவில்லை.

சேலத்தில் பஸ்களுக்குப் பெயர் எழுதும் பெரியநாயகத்தை அழைத்து வந்தேன். மனிதர் போட்டோவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எந்தப் பக்கம் மோட்சம், எந்தப் பக்கம் நரகம்னு போர்டு எழுதிப் போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போட்டிருக்கலாம். நரகத்தை அவர் முடித்த மறுநாள் காலையில் நம் எஸ்டேட் மேஸ்திரி மாதப்பன், தலையில் உருமால் கட்டிய முப்பது பேரோடு வாசலில் நின்றார். "ஏனுங்க ரைட்டரய்யா, நரகத்துல நிக்கறவனெல்லாம் உருமால் கட்டியிருக்கறான். எங்கள எதுக்குங்க அங்க கொண்டுபோயி நிறுத்துனீங்க?" அவர்கள் துருக்கியர்கள், அந்த ஊர்க்காரர்கள் துருக்கியரோடு சண்டை போட்டவர்கள், அந்தக் கோபத்தில் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் சரித்திரம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தச் சண்டையில எங்காளுங்க யாருமே இல்லீங்களே" என்றார். பெரியநாயகம் உருமாலை அழித்துத் தொப்பி வைத்தார். எஸ்டேட் தொரை காரை நிறுத்திப் பார்த்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி சீட்டில் போட்டுக்கொண்டு போனார். தொப்பியை எடுத்து எல்லாரையும் மொட்டையாக விட்டோம். சாமியார் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் சுவரைப் பார்த்தார். கடைசியில் எல்லாருக்கும் கிராப்பு வைத்த பிறகுதான் நரகத்தில் அமைதி வந்தது.

அந்தச் சுவரில், தீர்ப்பு நாளன்று மிருகங்கள் தாங்கள் தின்ற மனிதரின் கையையும் காலையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கின்றன அல்லவா? நம் மலைச் சிறுத்தை யாரையும் தின்றதாகத் தெரியாததால் பெரியநாயகம் அதன் வாயில் ஓர் ஆட்டுக்காலை வைத்தார். போன வருஷம் சிறுத்தைக்கு ஆட்டைப் பறிகொடுத்த காளியாயி, அது தன் வெள்ளாட்டின் கால்தான் என்று அடையாளம் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அங்கே தேவதூதர்கள் ஊதுவது மேய்ப்பர்களின் நீளக் குழல் என்று நீ எழுதியிருந்தாய். நம் தூதர்கள் கையில் கொம்பு இருந்தது. "சேர்வராயன் நோம்பிக்கு ஊதறதாட்டவே இருக்குதுங்க" என்று, அந்தத் திருவிழாவுக்கு வருகிற மாதிரியே கொட்டச்சேட்டு ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அந்த நீலத்தை எதைக் கொண்டு செய்தார்கள் என்று இன்னமும் ஆராய்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, பெரியநாயகத்துக்குத் தெரிந்திருந்தது. "வேட்டிக்குப் போடற நீலந்தானுங்க" என்றார்.

போட்டோவில் உள்ள எதையும் விடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவரும் விடவில்லை. உன்னையும் வரைந்துவிட்டார். ஸ்கார்புக்குச் சிவப்பு போதாமல் பஸ்ஸுக்கு அடிக்கும் பெயிண்டை எடுத்தவர், உன்னை முழுக்க அதிலேயே முடித்துவிட்டார். "இது எந்தப் புனிதைங்க?" என்று சாமியார் கேட்டார். "வெளிநாட்டுல இருக்கறவங்கங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு வாரத்துக்குள் உன் காலடியில் மெழுகுவர்த்தி எரிந்தது; பரீட்சை எழுதும் பிள்ளைகள் வந்து முழந்தாளிட்டார்கள். உன் அம்மா காலையில் பால் ஊற்றிவிட்டு வரும்போது அங்கே நிற்பாள். ஒருநாள் பின்னால் போய்க் கேட்டேன். "சாப்பிட்டியா கண்ணு?" என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இருமாமல் திரும்பி வந்துவிட்டேன்.

கல்லறைத் திருநாளன்று மழை பிடித்துக்கொண்டது. உள்ளே இடமில்லாத எழுபது எண்பது பேர் இறவாரத்தின் கீழே சுவரோடு முதுகை ஒட்டி நின்றார்கள். பூசை முடிந்து நகர்ந்தபோது சுவரில் பாதி அவர்கள் முதுகில் இருந்தது. மாதப்பன் முதுகில் இரண்டு தேவதூதர்கள். யாரோ சொன்னதும் சட்டையைக் கழற்றிப் பார்த்து, "மோட்சத்துலயே சேத்துட்டீங்களே ரைட்டரய்யா, நொம்ப சந்தோசமுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சாமியாரின் வெள்ளை அங்கி நீலமாகிவிட்டது. அங்கே நானூறு வருஷமாக நிற்கிற சுவர் இங்கே நாற்பது நாள் நிற்கவில்லை. மழை விட்டபோது மிச்சம் இருந்தது பஸ் பெயிண்ட் அடித்த நீ மட்டும்தான்.

சுண்ணாம்பு அடித்துவிடுங்கள் என்று சாமியார் சொன்னார். வேறு யாரும் செய்ய வேண்டாம் என்று நானே சுண்ணாம்பு மட்டையை எடுத்தேன். மற்ற சுவரெல்லாம் சீக்கிரம் முடிந்தது. உன் கிட்டே வந்தபோது உன் தலை சரியாக என் தோளுக்கு இருந்தது. கண்ணு, இந்த நாலு வருஷத்தில் உன் உயரம் எனக்கு மறந்துபோயிருந்தது. சிவப்பு மறைய மூன்று தரம் அடிக்க வேண்டியிருந்தது. அன்று இரவு உன் அம்மா அரிசி டின்னிலிருந்து போட்டோவை எடுத்து, கேட்காமலே என் கையில் கொடுத்தாள்.

இனிப் பதில். சுவரைக் காப்பாற்றுவது சாதாரண வேலை இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அதைத் தெரிந்தவர்கள் நாலு பேராவது வேண்டும். ஆகவே சந்தோஷமாகப் படி. உங்கள் காலேஜ் கேட்ட சம்மதக் கடிதத்தில் நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் உன்னை நினைத்துக்கொண்டே இருக்கவும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தேவமாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும்.

உன் அன்புத் தகப்பன்,
ச. அருள்சாமி
எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: இதைத் தபாலாபீசில் நின்றபடி எழுதுகிறேன். கவரைத் தராசில் வைத்துப் பார்த்த பொன்னுவேல், "கனம் ஜாஸ்தியா இருக்குதுங்க. இன்னொரு ஸ்டாம்பு ஒட்டோணும், இல்லீன்னா ஒரு காயிதத்த எடுத்துருங்க" என்றார். ஸ்டாம்பு வாங்க என்னிடம் சில்லறை இல்லாமல் இல்லை. ஆனாலும் சம்மதக் கடிதத்தை எடுத்துவிட்டேன். என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நீயே வந்து வாங்கிக்கொண்டு போ, கண்ணு.