மிரட்டல் கடிதமும் சிவப்பு நிழலும்

மரியாதைக்குரிய மச்சானுக்கு, போர்டு எழுதிப் பிழைக்கும் உங்கள் தங்கை புருஷன் பணிவோடு எழுதுவது. நான் இன்னும் வெளியேதான் இருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும் என்பது உங்கள் தங்கையின் உத்தரவு. நீங்களும் அக்காவும் பேத்தியும் சுகம்தானே?

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தீர்கள். போலீசில் சேர்ந்த நம் பெண்ணுக்கோ நாலு மாதமாக ஒரு ஞாயிறு லீவு கிடையாது. கேட்டால் இன்ஸ்பெக்டர் "பார்க்கலாம்" என்கிறாராம். பத்தாவது வரை படித்த மூளை சும்மா இருக்குமா? பெயர் போடாமல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "பெண் போலீசுக்கு ஞாயிறு லீவு கொடு. இல்லாவிட்டால் உன்னைச் சும்மா விடமாட்டேன்." ரெண்டாவது வரியில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும், உங்களுக்கே தெரியும். "உன் குடும்பத்தையும்" என்று சேர்த்தேன், வரி கச்சிதமாக உட்கார்ந்தது. என் கையெழுத்தை யாரும் கண்டுபிடிக்கக் கூடாதே என்று போர்டு எழுத்தில் பட்டை பட்டையாக எழுதி, சிவப்பில் நிழலும் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு எதிரே இருக்கிற மருந்துக்கடை போர்டைப் பார்த்தாராம், பக்கத்து சலூன் போர்டைப் பார்த்தாராம், வெளியே வந்து தன் ஸ்டேஷன் போர்டையே அண்ணாந்து பார்த்தாராம். எல்லாவற்றிலும் அதே சிவப்பு நிழல். பிறகு நம் பெண்ணைக் கூப்பிட்டு, "இது யாருன்னு விசாரிச்சுச் சொல்லும்மா" என்று கையில் கொடுத்துவிட்டார்.

யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் என் எதிரே வந்து நின்றாள்.

"போலீசை மிரட்டினா ஜெயிலு. போலீஸ் குடும்பத்தை மிரட்டினாலும் ஜெயிலு. நீங்க ரெண்டையும் ஒரே தாள்ல பண்ணி வச்சிருக்கீங்கப்பா!"

"இடம் மிச்சம் இருந்துச்சும்மா."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு ஊருக்கே தெரிஞ்ச எழுத்துல எழுதின ஒரே ஆளு நீங்கதான்!" இது உங்கள் தங்கை.

"நாளைக்கு நானே உங்களைக் கூட்டிட்டுப் போகணும். இல்லேன்னா வேலையை விடணும். என்னப்பா பண்ணட்டும்?" என்றாள் பெண். அவள் கண் கலங்கியதும் என் சாமர்த்தியமெல்லாம் தரையில் கொட்டிய பெயிண்ட் மாதிரி ஆகிவிட்டது. "நானே வரேன்மா" என்றேன்.

மறுநாள் மாற்றுத்துணி, பல் பிரஷ், பிரஷர் மாத்திரை எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் பையைப் பார்த்தார், சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா என் வீட்டுக்காரி ஒவ்வொரு தாழ்ப்பாளையும் மூணு தடவை பார்த்துட்டுத்தான் படுக்கிறா. உங்க வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தா எப்படி இருக்கும்?" என்றார். அப்போதுதான், மச்சான், எனக்கு உறைத்தது, நாமும் போலீஸ் குடும்பம்தானே! அவர் வீட்டுக்கே போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாவோ என்னையும் என் மாத்திரைப் பையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, இவருக்கா நான் பயந்தேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு விட்டாரா? புருஷன் பக்கம் திரும்பி, "லீவு விஷயத்துல இவர் எழுதினது நியாயம்தானே? நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்து எத்தனை மாசமாச்சு?" என்றார். இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கேஸ் இல்லை. பதிலுக்கு, ஸ்டேஷன் மதில் முழுக்க, "காவலரையோ அவர் குடும்பத்தாரையோ மிரட்டினால் சிறை" என்று என் பெயிண்டில், என் கையாலேயே எழுதித் தர வேண்டும். நம் பெண்ணுக்கு இந்த ஞாயிறு லீவு! இனிமேல் சாகும்வரை யாரையும் மிரட்டுவதில்லை என்று உங்கள் தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். பேத்தி நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
திருந்திய போர்டுக்காரன்

பி.கு.: மதில் எழுத ஞாயிற்றுக்கிழமைதான் நாள் கொடுத்திருக்கிறார்கள். ஆகையால் உங்கள் தங்கையும் பெண்ணும் மட்டும் வருவார்கள், எனக்கு லீவு இல்லை. கேக்கில் என் பங்கைக் கொடுத்தனுப்பாவிட்டால், மச்சான், உங்களைச் சும்மா விடமாட்டேன். இடம் மிச்சம் இருப்பதால், உங்கள் குடும்பத்தையும்.

மாமா, அப்பா எழுதியதைப் படித்தேன். நீங்களும் போலீஸ் குடும்பம்தான். புகார் கொடுக்க விருப்பமா? — உங்கள் மருமகள்