முதல் கியரில் நின்றுபோகும் வண்டி குறித்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். உன் வண்டி என்னைவிட நலம். போனில் சொல்லலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்பாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

"வண்டி ஓடினா ரயில் பார்சல்ல ஏத்தி விடுங்க, ஓடலைன்னா நானே லீவு போட்டு வந்து பாக்கறேன்" என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்காகக் கிளப்பிப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆகிறது, நன்றாக உறுமுகிறது, முதல் கியர் போட்டதும் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. சென்சாரில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று வீடியோவில் ஒருவர் அடித்துச் சொன்னார். நான் விடுவேனா? ஒவ்வொன்றாகக் கழற்றி, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். எது எதுவென்று குழம்பாமலிருக்கச் சொந்தக்காரர்கள் பெயரைச் சூட்டினேன். புகைக்குழாயில் மூக்கை நுழைத்து மோப்பம் பிடிக்கிற ஆக்சிஜன் சென்சார் உன் பெரிய அத்தை. எப்போது பார்த்தாலும் சூடு சூடு என்று புலம்புகிற வெப்ப சென்சார் சித்தப்பா. ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினாய் என்று பார்த்து மேலிடத்தில், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரிடம், போட்டுக்கொடுக்கிறது ஒன்று, அது மாமா. அத்தை முகத்தில் ஒரே கரி. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டேன். மூவரையும் துடைத்து உட்கார வைத்தபோது, சிரிக்காதே, மேசை நிறைந்த மாதிரி இருந்தது. நீ போனதிலிருந்து அங்கே ஒரே தட்டுதான். கொஞ்ச நேரம் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மாமா எல்லாவற்றையும் உன்னிடம் போட்டுக்கொடுப்பார், பார்.

எல்லாவற்றையும் மாட்டினால் வண்டி பழையபடி நிற்கிறது, போதாக்குறைக்கு மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் ஒரு வயர் முனையை டக்கென்று அழுத்தினார், விளக்கு அணைந்தது. பிறகு காலால் சைடு ஸ்டாண்டை மேலே தள்ளிவிட்டுக் கியர் போட்டார், வண்டி போனது.

"என்ன சார், ஸ்டாண்டு கீழ இருந்தா கியர் போட்டதும் எஞ்சின் நின்னுடும். அதுக்குன்னு தனியா ஒரு சென்சார் இருக்கு. உங்க பொண்ணு சொல்லலையா?"

"கிளம்புற அன்னிக்குச் சொல்லியிருப்பா. நான் அவ முகத்தையே பாத்துட்டு இருந்திருப்பேன்."

"இனிமே எதையும் கழட்டாதீங்க சார்."

டீ போடட்டுமா என்று கேட்டேன். கடையில் ஆள் காத்திருக்கிறார் என்று ஓடிவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆக, வண்டி தயார். சனிக்கிழமை பார்சலில் ஏற்றிவிடுகிறேன், நீ லீவைப் பாழாக்க வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது, தேவைக்கு மேலேயே. வேளாவேளைக்குச் சாப்பிடு, ஹெல்மெட் வாரைப் பூட்டு. நீ எந்தச் சாலையில் போனாலும் எதிரே வருகிறவனுக்கு நல்ல புத்தி இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனவன், கீழே இறங்கிப் போய் மெக்கானிக் அழுத்திய வயரை உருவிவிட்டு வந்தேன். விளக்கு எரிகிறது. அவரைக் கூப்பிடுவதாக இல்லை. வண்டி ஓடவில்லையம்மா, லீவு போட்டு வா.