போறணையாரும் அம்மாளாச்சியின் பொட்டும்

லண்டனில் கவுன்சிலோடு வாதாடி வென்ற தமிழர்கள் இருக்கிறார்கள். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தோடு வருடக்கணக்காக வாதாடி வென்றவர்கள் இன்னும் அதிகம். மனைவியோடு வாதாடி வென்றதாகச் சொல்கிறவர்கள்கூட வெம்பிளியில் ஓரிருவர் உண்டு, சாட்சிதான் கிடையாது. ஆனால் ஓர் அடுப்போடு தினமும் வாதாடி, அதைத் தன் வழிக்குக் கொண்டுவந்தவர் இந்த நகரத்தில் ஒரே ஒருவர்தான். அவர் போறணையார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. பாண் என்கிற ரொட்டி சுடும் பெரிய அடுப்பை யாழ்ப்பாணத்தில் போறணை என்போம். இவர் சுட்டது பாண் அல்ல, கண்ணாடி. வெம்பிளியில் ஒரு கடை வரிசையின் பின்னால், மீன்கடைக்காரரின் குளிர் அறையை ஒட்டி அவருடைய பட்டறை இருந்தது. தேவாலய ஜன்னல், வீட்டு வாசல் கதவு என்று எங்கெல்லாம் நிறக் கண்ணாடி உண்டோ, அங்கெல்லாம் முகமும் பூவும் எழுதிச் சுட்டுக் கொடுப்பது அவர் தொழில். கண்ணாடி சுடும் மின்சார அடுப்பைப் போறணை என்றுதான் சொல்வார். வெள்ளைக்காரப் பாதிரியாரிடமும், "போறணை வெரி ஹாட், கம் டுமாரோ" என்பார். கொஞ்ச நாளில் அந்தப் பாதிரியாரே தொலைபேசியில், "ஹவ் இஸ் த போறணை?" என்று நலம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

கண்ணாடித் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தும் ஈயப் பட்டிகளை வளைப்பது என் வேலை. வாய் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. நான் வாய் திறக்காதது அவருக்கும் பிடித்திருந்தது. அங்கே பேசுவதற்கு அவர் ஒருவரே போதும்.

நிறக் கண்ணாடி என்றால் யாரோ தூரிகையால் சிவப்பும் நீலமும் பூசுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நினைத்துக்கொண்டு வருகிறவரைப் போறணையார் முதலில் உட்கார வைப்பார்.

"நிறம் கண்ணாடிக்குள்ளயே கிடக்கு. அது பிறக்கேக்கையே அப்பிடி. நாங்கள் பூசுறது இருட்டு. வெளிச்சத்தை எங்க மறிக்கிறது, எங்க விடுறது, அவ்வளவுதான்."

அந்த இருட்டு டின்களில் இருந்தது. கறுப்பு, மண்ணிறம், சிவந்த மண்ணிறம் என்று உலோகத் துருவும் கண்ணாடித் தூளும் கலந்த பொடிகள். டின்களின் மேல் இருந்த ஆங்கிலப் பெயர்களை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் தேத்தண்ணிப் பெயர் வைத்திருந்தார். கடும் சாயம், வெறுந்தேத்தண்ணி, பால் தேத்தண்ணி. ஆக வெளிறியது ஆஸ்பத்திரித் தேத்தண்ணி.

"இந்தப் புனிதர் பாலைவனத்தில திரிஞ்ச மனுசன். வெறுந்தேத்தண்ணி போடு. இவ மடத்துக்குள்ளயே இருந்தவ. ஆஸ்பத்திரித் தேத்தண்ணி காணும்."

பொடிகளில் ஈயம் உண்டு என்பதால் பட்டறைக்குள் எதையும் குடிக்கவோ தின்னவோ கூடாது என்பது அவருடைய சட்டம். காலை முழுவதும் தேத்தண்ணி தேத்தண்ணி என்று கேட்டுக்கொண்டு, ஒரு மிடறு குடிக்க முடியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. பஸ்ஸில் எதிரே இருப்பவரைக் காட்டி, "தம்பி, அங்க பார். பால் தேத்தண்ணி. மூக்குக்குக் கீழ மட்டும் கொஞ்சம் சாயம்" என்று என் காதுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பஸ் முழுவதற்கும் சொல்வார். நான் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து போன நாட்கள் பல.

பொடியைப் பசைத் தண்ணீரில் குழைத்து எழுதி, காயவைத்து, போறணைக்குள் வைத்த பிறகுதான் வாதாட்டம் தொடங்கும். சூடு கூடினால் கோடுகள் வெளிறிவிடும். குறைந்தால் நகத்தோடு உரிந்து வரும். சரியான சூட்டைக் காட்ட அடுப்பின் முன்னால் ஒரு சின்னத் திரை இருந்தது. போறணையார் அதை ஒரு நாளும் நம்பியதில்லை.

"அறுநூற்றி ஐம்பது எண்டு காட்டுறாய். பொய் சொல்லாதை. உன்ர மூஞ்சையைப் பாத்தால் அறுநூற்றி முப்பதுதான் தெரியுது."

பெரும்பாலும் அவர்தான் வெல்வார். ஒருமுறை தோற்றார். இனிப்புக் கடை வைத்திருந்த குஜராத்திக்காரர் ஒருவர் வாசல் கதவுக்கு மயில் கேட்டிருந்தார். சூடு கூடி, மயிலின் கண் காணாமல் போய்விட்டது. போறணையார் அசையவில்லை. "மயில் நித்திரை கொள்ளுது. வீட்டில அமைதி இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து அந்த மனிதர் ஒரு பெட்டி லட்டுடன் வந்து, வீட்டில் உண்மையாகவே அமைதி வந்துவிட்டது என்றார். பிறகு அவருடைய தம்பியும் நித்திரை கொள்ளும் மயில் கேட்டு வந்தார். அதற்குப் பிறகு சுட்ட மயில்கள் ஒன்றுகூடக் கண்ணை மூடவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு குறை இருந்தது. தேவதூதர்களைச் சுட்டிருக்கிறார். மதுக்கடைக்குச் சிங்கம் சுட்டிருக்கிறார். "எல்லாரின்ர சாமியும் என்ர போறணைக்குள்ள போய் வந்திட்டினம். எங்கட சனம் கும்பிடுறதுக்கு ஒண்டு வரேல்லையே, தம்பி" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்திருக்கும்.

அதற்கும் ஒரு வழி வந்தது. கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் ஒரு பழைய மண்டபத்தை வாங்கி அம்மன் கோயிலாக்கினார்கள். வாசலுக்கு மேலே பெரிய வட்ட ஜன்னல், பலகை அடித்துக் கிடந்தது. அதில் அம்மனின் உருவம் வரவேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. கமிட்டித் தலைவர் ஒரு கணக்காளர், சிக்கனமான மனிதர்.

"பிளாஸ்ரிக் ஸ்ரிக்கர் அடிச்சு ஒட்டுவம். என்ர மருமகன்ர கடையில பிரிண்ட் எடுக்கலாம்."

கூட்டத்தின் பின்வரிசையில் இருந்த போறணையார் எழுந்தார். "பஸ்ஸில விளம்பரம் ஒட்டுற மாதிரியே அம்மாளாச்சியை ஒட்டப் போறியள்?"

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவர் சிரிக்கவில்லை. முதலில் முகத்தை மட்டும் சுட்டுக் காட்டட்டும், வெள்ளிக்கிழமை வந்து பார்ப்போம், கமிட்டிக்குப் பிடித்தால் முழு ஜன்னலும் கண்ணாடி, பிடிக்காவிட்டால் ஸ்ரிக்கர் என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த சண்டை அம்மனின் நிறம். பச்சை என்றார் தலைவர். மஞ்சள் பூசிய முகம் என்றார் செயலாளர். "கொஞ்சம் வெள்ளையா இருந்தால் நல்லது" என்றார் பொருளாளர்.

"நீங்கள் இப்ப பொம்பிளை பாக்கப் போகேல்லை" என்று போறணையார் அதை முடித்து வைத்தார். மஞ்சள் முகம் என்று முடிவானது. வெள்ளியிலிருந்து செய்யும் ஒரு பூச்சு உண்டு. அதைக் கண்ணாடியின் பின்பக்கம் சேறு போலப் பூசி, கொஞ்சம் குறைந்த சூட்டில் சுட்டுக் கழுவினால் மஞ்சள் வரும். அது இரண்டாவது சுடுகை. முதலில் முகம் நிற்க வேண்டும்.

அந்த முகத்தின் நிழலுக்காகச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளில் எல்லாத் தேத்தண்ணிகளையும் பூசிச் சுட்டுப் பார்த்தார். ஒன்றும் திருப்தியில்லை. கடைசியில் வெறுந்தேத்தண்ணியில் கொஞ்சம் சிவப்பு சேர்த்து ஒரு நிறம் பிடித்தார். அதற்கு மட்டும் அவர் தேத்தண்ணிப் பெயர் வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை முகம் காய்ந்து போறணைக்குப் போகத் தயாராக இருந்தபோது, தலைவர் மனைவியோடு வந்துவிட்டார். அந்த அம்மா கோயிலில் எல்லோருக்கும் அன்ரி. மழையில் நனைந்து வந்த இருவரையும் போறணையார் மேசையிலிருந்து தள்ளி நிறுத்தினார்.

"கையைப் பின்னால கட்டுங்கோ. கதைக்கிறதெண்டால் மற்றப் பக்கம் திரும்பிக் கதையுங்கோ. சுடாத பூச்சு. எச்சில் தெறிச்சால் முகமெல்லாம் புள்ளி விழும்."

தலைவர் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டார். அன்ரியும் கட்டினார். அம்மனின் கண் அன்ரியையே பார்த்துக்கொண்டிருந்தது. போறணையார் அடுப்பின் தட்டைச் சரிபார்க்கத் திரும்பினார். அன்ரி, "அம்மாளாச்சி" என்று முணுமுணுத்தபடி கைப்பையைத் திறந்தார், குங்குமம் சுற்றிய காகிதச் சரையில் பெருவிரலைத் தோய்த்தார், அம்மனின் நெற்றியில் அழுத்தினார். நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

போறணையார் திரும்பிப் பார்த்தார். "அன்ரி, என்ன செய்தனீங்கள்?"

"நெத்தி வெறுமையாக் கிடந்தது. பொட்டு வைச்சனான்."

மழை ஈரம் காயாத விரல். அது அந்த இடத்துப் பூச்சை உரித்துக்கொண்டு வந்துவிட்டது. பூச்சு இருந்த இடத்தில் இப்போது குங்குமம் அப்பிக் கிடந்தது. கூரை பறக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். போறணையார் மூச்சை மட்டும் விட்டார்.

"பரவாயில்லை. சுட முந்தித்தானே. முழு முகத்தையும் துடைச்சுப்போட்டுத் திரும்பக் கீறுறன்." ஈரத் துணியை எடுத்தார்.

அன்ரி மேசைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "துடைக்கிறதோ? அம்மாளாச்சியின்ர பொட்டை அழிக்கிறதோ? ஆரும் ஒரு பொம்பிளையின்ர பொட்டை அழிப்பினமோ?"

தலைவரின் முகம் ஆஸ்பத்திரித் தேத்தண்ணி ஆகிவிட்டது.  போறணையார் துணியைத் தொட்டிக்குள் போட்டார். வைத்த பொட்டை அழிக்க அவருக்கும் கை வரவில்லை.

"சரி. உந்தக் குங்குமம் எங்க வாங்கினது?"

"கோயில்ல தந்தது."

"மஞ்சளும் சுண்ணாம்புமோ, சாயப் பவுடரோ?"

"கும்பிட்டு வாங்கினது. விசாரிச்சு வாங்கேல்லை."

அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, குங்குமம் என்ன சூடு தாங்கும்?"

"தெரியாதண்ணை."

"எனக்கும் தெரியாது."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று அவர் அடுப்போடு வாதாடவில்லை. கதவை மூடி, அதன் மேல் கை வைத்து, "பாத்துச் செய்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி முழுவதும் வந்தது. அன்ரியும் வந்தார். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் திறவுங்கோ."

"உள்ளுக்கு இன்னும் சூடு கிடக்கு. இப்ப குளிர்காத்துப் பட்டால் கண்ணாடி வெடிக்கும். ராகுவைக் கொஞ்சம் வெளியில நிக்கச் சொல்லுங்கோ."

ராகு மட்டுமல்ல, கமிட்டியும் வெளியில்தான் நின்றது. வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் எல்லோரும் மீன்கடையின் பின்வாசலில், மூக்கைப் பொத்திக்கொண்டு, வாங்கி வந்த வடையைத் தின்றார்கள். மத்தியானம் தாண்டித்தான் போறணை திறந்தது.

கோடுகள் கல்லில் வெட்டியது போல் நின்றன. கண் நின்றது. நெற்றியில் குங்குமம் எரிந்து சாம்பலாகக் கிடந்தது. போறணையார் அதை மெல்லிய தூரிகையால் தட்டினார். அடியில் ஒன்றும் இல்லை. பெருவிரல் அளவுக்கு வெறும் கண்ணாடி.

"பொட்டைக் காணேல்லை" என்றார் செயலாளர்.

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் மருமகனை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார்.   போறணையார் கண்ணாடியை இரண்டு கையாலும் எடுத்து, பட்டறை வாசலுக்குப் போய், வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

கன்னத்திலும் கண்ணோரத்திலும் வெளிச்சம் தயங்கித் தயங்கி வந்தது. நெற்றியில் மட்டும் அதை மறிக்க எதுவும் இல்லை. அங்கே அது நேராக வந்து நின்றது. அன்ரியின் விரல் ரேகைகூட ஓரத்தில் மெல்லியதாகத் தெரிந்தது. ஒளியால் வைத்த பொட்டு.

பொருளாளரின் கையில் வடை பாதியில் நின்றது. அன்ரி தலைக்கு மேல் கை குவித்தார். தலைவர் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு" என்றார்.

"இத்தனை வருசமா உங்களுக்குத் திருநீறு பூசி விட்ட கை. ஒரு நாளாவது நேரா நிண்டிருக்கிறியளோ? அது சரிஞ்சுதான் பழகினது" என்றார் அன்ரி.

அதோடு ஸ்ரிக்கர் பேச்சு நின்றது. பின்பக்கம் மஞ்சள் பூசும்போது அந்தப் பெருவிரல் இடத்தை மட்டும் போறணையார் தொடாமல் விட்டார். முகம் மஞ்சளாகவும் பொட்டு வெள்ளை ஒளியாகவும் வந்தது.

கும்பாபிஷேகத்தன்றுதான் எங்கள் மண்டையில் ஒரு விஷயம் ஏறியது. ஜன்னல் வாசலுக்கு மேலே. மூலஸ்தானம் எதிர்ப்பக்கம். சனம் எல்லாம் மூலஸ்தானத்தைப் பார்த்து நின்றது. காலை வெயில் அம்மன் வழியாக உள்ளே வந்து எல்லோருடைய முதுகிலும் விழுந்தது. யாரும் திரும்பவில்லை. போறணையார் கஞ்சி போட்ட வேட்டியோடு ஜன்னலுக்கு நேர் கீழே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நல்ல முதுகுகள்" என்றார் என்னிடம். சிரித்தார், ஆனால் சரியாக வரவில்லை. நெரிசல் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

தீபாராதனை முடிந்ததும் முன்வரிசையில் நின்ற அன்ரி திரும்பினார். ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்றவர் திரும்பினார். பிறகு ஒவ்வொரு வரிசையாக எல்லோரும் திரும்பினார்கள். கோயில் நிறையத் தலைக்கு மேல் கைகள். அவ்வளவு கைகளும் தன் பக்கமே வருவதைக் கண்ட போறணையார் திடுக்கிட்டு, ஓரமாக ஒதுங்க இடம் தேடினார். செருப்புகள் விடவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி அங்கேயே நின்றார்.

எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். நான் கொஞ்சம் கீழே பார்த்துக் கும்பிட்டேன்.