பானட் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

சிக்னலில் பிக்கப் வண்டி அணைந்துபோனது. அணைந்ததோடு விஷயம் முடிந்திருந்தால் பிக்கப்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். பக்கத்து சீட்டில், மடியில் திரைச்சீலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த மனைவி வாயைத் திறந்தாள்.

"என் தம்பியா இருந்தா ஒரே மணி நேரத்துல சரி பண்ணியிருப்பான்."

தம்பி செல்போன் கடை வைத்திருப்பவன். அவன் வாழ்க்கையில் கழற்றிய மிகப் பெரிய யந்திரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

"உன் தம்பியா? பெட்ரோல் மூடியை எந்தப் பக்கம் திருகணும்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா அவன் வண்டி ஓடுறப்ப ஓடுது, நிக்குறப்ப நிக்குது. நம்ம வண்டி மட்டும்தான் நிக்குறப்ப ஆடுது."

பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் சாவியைத் திருகினார். வண்டி இருமியது, செருமியது, போனால் போகிறதென்று கிளம்பியது.

நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவரை இன்னும் எரிச்சல்படுத்தியது. பழைய காலத்து கார்புரேட்டர் வண்டி. ஓடும்போது ராஜா. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் குளிர்ஜுரம் வந்ததுபோல் உடம்பெல்லாம் உதறும், அப்புறம் உயிரை விடும். அதற்காக அவர் ஒரு வித்தை பழகியிருந்தார். முன்பாதம் பிரேக்கில், பாதத்தின் ஓரம் ஆக்ஸிலேட்டரில். ஒரே காலால் நிறுத்தவும் வேண்டும், உறுமவும் வேண்டும். அந்தக் கால் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. சிக்னலில் இன்று மட்டும் எப்படியோ கொஞ்சம் வழுக்கிவிட்டது.

அவர் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்ட பிறகு, மனைவியின் தையல் தொழில்தான் வீட்டை நடத்தியது. ஜன்னல் திரை, சோபா உறை, மெத்தை உறை. முன்னறையில் வெட்டும் மேஜை. படுக்கையறையில் துணி உருளைகள். அவருடைய சாய்வு நாற்காலியில்கூட யாரோ ஒரு டாக்டர் வீட்டு சோபா உறை நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. துணி விழாத ஒரே இடம் இந்த உலகத்தில் அந்த டிரைவர் சீட்தான். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க அவர் வேண்டும். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றால்தான் வியாபாரம். தெருவே அவரைப் பிக்கப்காரர் என்றது. அந்த ஸ்டியரிங்கை மச்சினன் கையில் கொடுப்பதாவது!

வீட்டு வாசலில் இறங்கியதும் சபதம் செய்தார். பக்கத்து வீட்டில் குடியிருந்த டிரைவிங் ஸ்கூல் டீச்சர், மதில் மேல் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்ததால் குரல் கொஞ்சம் கூடவே எழும்பியது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இந்த வண்டி எஞ்சின் ஓடிட்டே நிக்கும். பானட் மேல டம்ளர்ல தண்ணி வைக்கிறேன். தண்ணி அலையாது. அலைஞ்சா சாவி உன் தம்பிக்கு!"

"அலையலைன்னா?" என்றாள் மனைவி.

"அலையலைன்னா இதை யார் வேணும்னாலும் ஓட்டலாம். குழந்தைகூட ஓட்டும்!"

"கேட்டுக்கிட்டியா?" என்று மனைவி மதிலைப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டேன்க்கா" என்றது மதில்.

ஞாயிறு காலை பானட்டைத் திறந்தார். முதலில் ஏர் ஃபில்டர். உள்ளே கலர் கலராக நூல்.

"பாரு! உன் தொழில் என் எஞ்சின் மூக்குக்குள்ள வந்து உக்காந்திருக்கு!"

"அதுக்கும் நான்தான் கிடைச்சேனா? சுத்தம் பண்ணிட்டுப் போட்டுப் பாருங்க."

போட்டார். வண்டி ஆடியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். வண்டி பளபளவென்று ஆடியது. கடைசியில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையே கழற்றி, வெட்டும் மேஜை மேல் கொண்டுபோய் வைத்தார்.

உள்ளிருந்து வந்த அலறலில் மதிலுக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தது.

"வெள்ளைத் துணிங்க அது! வெள்ளைத் துணி!"

வாசற்படியில் பழைய செய்தித்தாள் விரித்து வேலை தொடர்ந்தது. பெட்ரோலில் கழுவினார், ஊதினார், வெயிலில் காயவைத்தார், திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்ததும் செய்தித்தாளில் சின்னதாக ஒரு ஸ்பிரிங் மிச்சமிருந்தது.

"அது என்ன?"

"எக்ஸ்ட்ரா. கம்பெனியில சேத்துக் குடுப்பான்."

"நான் சட்டை தச்சு முடிச்சதும் ஒரு கை மிச்சமிருந்தா அதை எக்ஸ்ட்ரான்னு சொல்லவா?"

மறுபடி கழற்றினார். ஸ்பிரிங் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. வண்டி ஆடியது.

வேகத்தைக் கூட்டும் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தார். கூட்டினால் வண்டி புலிபோல் உறுமியது. குறைத்தால் பூனைபோல்கூட இல்லாமல் செத்தது. டம்ளரை வைத்துப் பார்த்தார். தண்ணீர் துள்ளி அவர் சட்டையை நனைத்தது. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. மச்சினன் அந்த சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, செல்போனைத் தடவியபடி ஓட்டுவது கண்ணுக்குள் வந்தது. தனக்குத் தெரிந்தது அவ்வளவுதானா? போன மாதம் ஒரு மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால், வண்டி கேட்டுக்கு நடுவில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. "ஹேண்ட் பிரேக் போடாம விட்டுட்டீங்க" என்றாள் மனைவி. போட்டதாகத்தான் நினைவு. அன்று முழுக்கத் தன்மேலேயே சந்தேகமாக இருந்தது. இன்றும் அதே சந்தேகம் எட்டிப் பார்த்தது. மூளையிலும் எங்கோ ஒரு ஸ்பிரிங் மிச்சமோ?

அப்போது மனைவி இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு வந்தாள்.

"ஒரே தூசி" என்று ஆடிக்கொண்டிருந்த எஞ்சின் மேல் புஸ் புஸ்ஸென்று அடித்தாள்.

"அறிவிருக்கா? ஓடுற எஞ்சின்ல தண்ணி அடிக்கிறே? எஞ்சின் என்ன சோபா உறையா, நீ அடிச்சுத் தேய்க்க..."

பாதியில் நிறுத்தினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், வண்டி ஆடவில்லை.

"இரு! எங்க அடிச்சே? அதே இடத்துல அடி!"

"எங்கயோ அடிச்சேன். இங்கயா?" வேண்டுமென்றே தள்ளி அடித்தாள். வண்டி ஆடியது. "இல்ல, இங்கயோ?" வண்டி அமைதியானது.

கார்புரேட்டருக்குக் கீழே, பின்பக்கம் ஒளிந்துகொண்டு, சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். நுனி காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக எஞ்சின் திருட்டுத்தனமாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. காற்று கூடிப்போய் பெட்ரோல் போதவில்லை. அதுதான் நடுக்கம். தண்ணீர் பட்டபோது வெடிப்பு ஒரு நொடி அடைபட்டது. நடுக்கம் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினார். "நான் கண்டுபிடிச்சிட்டேன்! நுனியை வெட்டிட்டு நல்ல இடத்துல சொருகினா முடிஞ்சுது. வெட்ட ஏதாவது குடு!"

அவள் இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

இங்கேதான் அவர் யோசித்திருக்க வேண்டும். அது துணி வெட்டும் கத்தரிக்கோல். அதில் காகிதம் வெட்டக்கூடாது, நூல்கண்டு அட்டை வெட்டக்கூடாது. ஒருமுறை அவர் அதால் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தார். அந்தக் கத்தரிக்கோலை, எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த ரப்பர் வெட்டச் சிரித்த முகத்தோடு கொடுக்கிறாள். மதில் மேலிருந்த டீச்சரின் தலை சட்டென்று கீழே இறங்கியது. இரண்டையும் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. வெற்றி கண்ணை மறைத்திருந்தது.

வெட்டினார். சொருகினார். கிளிப்பை இறுக்கினார். ஸ்க்ரூவைக் குறைத்துச் சரிசெய்தார். வண்டி தாலாட்டுப்போல் முனகிக்கொண்டு நின்றது. டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி பானட்டை மூடி மேலே வைத்தார். தண்ணீரில் மேகம் தெரிந்தது. மேகம் அசையவில்லை.

"எங்க உன் தம்பி? வரச்சொல்லு அவனை! வந்து பாக்கட்டும்!"

"அவன் எதுக்குங்க?" என்றாள் மனைவி. டம்ளரை பானட்டிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "காலையிலேருந்து கத்துறீங்க. குடிங்க." திரைச்சீலை மூட்டையைப் பின்னால் தூக்கிப் போட்டாள். சுற்றிவந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"ஏய், என்ன பண்றே? இறங்கு! அது என் காலுக்கு மட்டும்தான்..."

"குழந்தைகூட ஓட்டும்னீங்களே. சாட்சி இருக்கு."

மதில் மேல் தலை மறுபடி எழுந்தது. "டெஸ்ட்ல அக்கா போன மாசமே பாஸ் அண்ணே. ரிவர்ஸ்ல அக்காவை அடிச்சுக்க ஆளில்ல."

"போன மாசமேவா? அப்ப அன்னிக்கு கேட்டுக்கு நடுவுல..."

"நான்தான் எடுத்தேன். கேட்டுக்கிட்ட பிரேக்கை மிதிச்சேன், அணைஞ்சுபோச்சு" என்றாள் மனைவி. "நான் பாஸாகி என்ன பண்ண? உங்க வண்டி ஃபெயிலாயிட்டே இருந்துச்சே. குழாய்ல ஓட்டைன்னு இவ அன்னிக்கே சொல்லிட்டா. ஆனா நாங்க சொன்னா நீங்க கேப்பீங்களா? தம்பி பேரை எடுத்தாத்தான உங்களுக்கு ஸ்டார்ட் ஆகும்."

கிளட்சை மிதித்தாள். வண்டி குலுங்காமல், இருமாமல், கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. ஜன்னல் வழியாக அவள் குரல் மட்டும் திரும்பி வந்தது.

"கத்தரிக்கோலைத் துடைச்சு வைங்க! டாக்டர் வீட்டு உறையும் மூட்டையிலதான் இருக்கு, இனிமே நாற்காலி உங்களுக்குத்தான்!"

அவர் வாசலிலேயே நின்றார். கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் அலை அலையாக அடித்தது.