ஏற்காட்டுக்குப் பெண் பார்க்கப் போன மார்கழி

நாமக்கல்லில் குளிர் என்று ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்த ஒரே மனிதர் மார்கழிதான். ஊரே விசிறியைத் தேடி அலைந்தபோது அவர் ஒருவர் மட்டும் கம்பளியைத் தேடிக்கொண்டிருந்தார். சித்திரையில் நாலு தூறல் விழுந்தால் போதும், "ஈரக்காத்து ஒரு தினுசா அடிக்குதுங்க" என்று காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்தது ஏதோ ஒரு புனிதருடைய பெயர். அதைக் கூப்பிட ஆளில்லை. வருஷம் முழுக்க அவருக்கு ஒரே மாதம்தான் என்பதால் பெயரும் அதுவே ஆகிப்போனது.

எருமப்பட்டி பக்கம் ஒரு முட்டை வியாபாரியின் குடோனில் அப்போது நான் வேலை பார்த்தேன். பண்ணைகளிலிருந்து வரும் முட்டையை வெளியூர் லாரிகளில் ஏற்றி அனுப்புவதுதான் எங்கள் வேலை. மார்கழி அங்கே சூப்பர்வைசர். லோடு ஏறுவது விடியற்காலையில், திறந்த வெளியில். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவனைப் பிடித்துப் பரிசல் ஓட்டச் சொன்ன மாதிரிதான். ஆனால் மனிதர் வேலையில் புலி. விரிசல் விட்ட முட்டையோ கெட்ட முட்டையோ அவர் கையைத் தாண்டி லாரி ஏறாது. "வாங்கறவன் நம்மள நம்பித்தானுங்க ஒடைக்கறான்" என்பார்.

அவர் உடுத்தும் முறையைச் சொல்ல வேண்டும். முதலில் பனியன். பனியனுக்கு மேல் செய்தித்தாள், நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. அதற்கு மேல் சட்டை, ஸ்வெட்டர், இன்னொரு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, குல்லாவுக்குக் காவலாக ஒரு துண்டு. அவர் குனிந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். செய்தித்தாளிலும் ஞாயிற்றுக்கிழமைத் தாளுக்குத்தான் மவுசு. "இணைப்பெல்லாம் சேர்ந்து நல்லாக் கெட்டியா இருக்குமுங்க" என்பார். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த வாரப் பத்திரிகையையும் ஒரு தடவை முயன்று பார்த்தார். அளவு பத்தாமல் பாதி நெஞ்சோடு நின்றுவிட்டது என்று எழுதுகிற என்னிடமே குறை சொன்னார்.

வெளியூர் போய்த் திரும்பும் லாரி வாசலில் வந்து நின்றதும் ஓடிப் போய் அதன் மூக்கைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். இன்ஜின் சூடு அங்கேதான் இருக்கும். ஒரு நாள் கேரளாவுக்கு லோடு கொண்டுபோய்த் திரும்பிய புது டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு அசந்துபோனார்.

"ஏனுங்ண்ணா, வண்டியக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறீங்க?"

"பாசமுங்க தம்பி."

"ஏம் பொண்டாட்டிகூட நான் வந்ததுக்கு இப்படி சந்தோசப்பட்டதில்லீங்க" என்றார் டிரைவர்.

வெயில் வந்துவிட்டால் நாற்காலியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவார். காலையில் கேட் ஓரம், பிறகு எடைமேடை, மதியம் நடு வாசல், சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி. குடோனில் கடிகாரம் நின்று போய் எத்தனையோ நாளாகியும் யாரும் பேட்டரி மாற்றவில்லை. நாற்காலி தொட்டிப் பக்கம் போய்விட்டதா, டீ சொல்லி அனுப்பு, அவ்வளவுதான்.

இத்தனையும் சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் இதை நினைத்து ஒருத்தர் அழுதுகொண்டிருந்தார். மார்கழியின் அம்மா. மகனுக்கு நாற்பது நெருங்குகிறது, கல்யாணம் ஆகவில்லை. கெட்ட பழக்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பெண் வீட்டார் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "தங்கமான மனுசனுங்க, ஆனா எந்நேரமும் போர்த்திட்டே இருப்பாருங்க" என்று பதில் வரும். அதற்கு மேல் யார் பெண் கொடுப்பார்கள்? உள்ளுக்குள் ஏதோ சீக்கு என்று திரும்பிப் போய்விடுவார்கள். டாக்டர் ரத்தமெல்லாம் சோதித்து, உடம்பு வாகு அப்படி, நோய் ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா திரிய முடியும்?

கடைசியில் ஒரு வரன் அமைந்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஏற்காட்டில். பெண் பெயர் ரெஜினா. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சுற்றிலும் பனிமூட்டம், நடுவே ஸ்வெட்டர்கூட இல்லாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, இந்தப் புள்ளைக்குக் குளிராதுங்களா?" என்றார் மார்கழி. அப்புறம் அன்று முழுவதும் போனைக் கீழே வைக்கவே இல்லை.

பெண்ணின் அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆடம்பரம் பிடிக்காதவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரட்டும், முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று பார்த்துப் பேசிக்கொள்ளலாம், பிடித்திருந்தால் அப்புறம் பெரியவர்கள் பேசட்டும் என்று சொல்லியனுப்பினார். டிசம்பர் மாதம், ஏற்காடு, திறந்த வெளி. மார்கழியின் அம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"சாமி, நீதான் கூடப் போகோணும். சொட்டரு, குல்லா, பேப்பரு ஒண்ணும் ஆகாது. மேல போனதும் கழட்டி வாங்கிரு. மாப்பிள்ளையாட்ட சட்டை பேண்ட்டோட நிக்கட்டும். இதுவும் தவறுச்சுன்னா இன்னொண்ணு தேடறதுக்கு எனக்குத் தெம்பில்ல."

என் பைக்கில்தான் போனோம். மலை ஏறியதும் வண்டியை ஓரம் கட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். கழற்றக் கழற்ற ஆள் பாதியாகிவிட்டார். அத்தனை நாள் பழகியும் மனிதர் இவ்வளவு ஒல்லி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. செய்தித்தாளையும் உருவினேன். பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் பைக்குள் கை விட்டு, துணியில் சுற்றிய இரண்டு முட்டைகளை எடுத்தார். வீட்டு நாட்டுக்கோழி முட்டை.

"அம்மா முட்டையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்கல்ல?"

கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் இரண்டையும் கொடுத்து, பூசை முடிகிற நேரத்தில் அவித்து எடுத்து வைக்கச் சொன்னார். "பாக்கெட்டுக்கு ஒண்ணுங்க தம்பி. கைய உட்டா அடுப்புல உட்டாப்புல இருக்கும். வெளிய ஆருக்கும் தெரியாது. வேல முடிஞ்சா தின்னுக்கலாம்." அந்த மூளையை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் இந்நேரம் ராக்கெட் விட்டிருப்பார்.

பூசையில் நல்ல பருமனான இரண்டு பேரைத் தேடிப் பிடித்து நடுவில் நுழைந்துகொண்டார். "கோழிக்குஞ்சு பாத்திருக்கறீங்கல்ல? ஓரத்துல நிக்கறதுதான் வெறைச்சுப் போகும்" என்று என் காதில் சொன்னார். பாட்டுக்கு அவர் பல் தாளம் போட்டது. முடிந்ததோ இல்லையோ, டீக்கடைக்கு ஓடி முட்டைகளை வாங்கி பாக்கெட்டுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

பெண்ணின் அப்பா அரைக்கைச் சட்டையில் வந்தார். மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, "இன்னைக்கு என்னவோ கொஞ்சம் புழுக்கமா இருக்கில்ல?" என்றார்.

"ஆ... ஆ... ஆமாங்க" என்றார் மார்கழி.

"என்ன தம்பி நடுங்குறீங்க?"

"பொண்ணு பார்க்க வந்த கூச்சமுங்க" என்று நான் முந்திக்கொண்டேன். ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. மார்கழி தலையையே நிமிர்த்தவில்லை. ஒரு முட்டையை வெளியே எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோயிலில் பூசை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த சௌசௌ, வாழைத்தார், கோழி, முட்டை எல்லாவற்றையும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். பங்குச் சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார்தான் ஏலம் விடுகிறவர். அவர் எங்கள் பக்கம் வந்தார். மார்கழி கையில் முட்டையைப் பார்த்தார்.

"காணிக்கைங்களா தம்பி? கொண்டாங்க, கொண்டாங்க!"

மார்கழி வாயைத் திறந்தார். தாடை விறைத்துப் போயிருந்ததால் பேச்சு வரவில்லை. அதற்குள் முட்டை கை மாறிவிட்டது. உபதேசியார் அதைத் தொட்டுப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

"அடேங்கப்பா, சூடா இருக்குதே! நாட்டுக்கோழி முட்டை, இப்பத்தான் போட்டது!"

அப்புறம் கேட்க வேண்டுமா? அவ்வளவு புதிய முட்டையை அந்தக் கோயில் கண்டதே இல்லையாம். ஆளாளுக்கு விலையை ஏற்றினார்கள். பெண்ணின் அப்பா விடவில்லை. ஒரு தட்டு நிறைய முட்டை வாங்கும் விலைக்கு அந்த ஒற்றை முட்டையை எடுத்துவிட்டு, மகள் கையில் பெருமையாகக் கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்கம்மா. நம்ம கோழி இன்னைக்குத்தான் அடையில உக்காருது. அதுங்கூட சேர்த்து வெச்சிரலாம்."

நான் மார்கழியின் முழங்கையைப் பிடித்தேன். "ண்ணா, மூச்சு விடாதீங்க. கல்யாணம் முடிஞ்சு சிரிச்சுக்கலாம்."

அதற்குள் மார்கழியின் தாடை இளகியிருந்தது. "இல்லீங்க தம்பி. அந்தக் கோழி எந்திரிக்காம, சரியா எரை எடுக்காம, ராவும் பகலும் சூடு குடுத்துட்டு உக்காந்திருக்கும். மத்த குஞ்செல்லாம் வந்தப்புறமும் இது ஒண்ணுக்காகக் காத்துட்டு இருக்கும். அது பாவமில்லீங்களா?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு முன்னால் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. அம்மா முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. போயும் போயும் ஒரு கோழிக்காகவா?

"ஐயா, அது பொரிக்காதுங்க."

"ஏன் பொரிக்காது?"

"அவிச்சதுங்க."

ஏலம் நின்றுபோனது. வாழைத்தாரைத் தூக்கிப் பிடித்திருந்த உபதேசியார் அப்படியே நின்றார்.

"குளிருக்குப் பாக்கெட்டுல வெச்சிருந்தனுங்க. எனக்குக் குளிரு ஆகாதுங்க. சீக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க, டாக்டர்கிட்டப் பாத்தாச்சு. நீங்க பயந்துக்குவீங்கன்னு மறைச்சுப்போட்டனுங்க. முட்டைக் காசை நானே குடுத்தர்றனுங்க. வாரேனுங்க."

திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். ரெஜினாதான் பேசினார்.

"இருங்க. முட்டைய நான் திருப்பிக் குடுக்கலையே." அவர் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். "தெனமும் காலையில ப்ரேயர் கிரவுண்டுல நிக்கும்போது கை மரத்துப் போயிடும். இத்தனை வருசமா இந்த யோசனை எனக்குத் தோணலியே!"

"ஏம்மா, குளிர் தாங்காத மனுசனா இருக்காரே..." என்று இழுத்தார் அப்பா.

"அவரு மேல வரப் போறதில்லப்பா. நான்தான் கீழ போறேன். நாமக்கல்லுல நல்ல வெயிலு அடிக்குமாமே, எனக்கு அது போதும்."

அப்பா மகளைப் பார்த்தார், மார்கழியைப் பார்த்தார். "இன்னொரு பாக்கெட்டுலயும் இருக்குதா?" என்று கேட்டார். மார்கழி எடுத்து நீட்டினார். அதைக் கோயில் படிக்கட்டிலேயே தட்டி உரித்துவிட்டு, "உப்பில்லையே" என்றார் அவர். மார்கழி சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உப்பும் மிளகுத்தூளும் கலந்தே இருந்தன. அப்போது சிரித்தார் பாருங்கள் அந்த மனிதர், கோயில் வாசலே திரும்பிப் பார்த்தது.

"அம்மாவக் கூட்டிட்டு வாங்க மாப்பிள்ளை. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டே வாங்க."

கழற்றியதையெல்லாம் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். "அதுக்கெல்லாம் நேரமில்லீங்க" என்று வெறும் சட்டையோடு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். போனில் சொல்லலாமே என்றால், முடியாதாம், அம்மாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டுமாம். "வேகமாப் போங்க தம்பி, வேகமாப் போங்க" என்று வழியெல்லாம் என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். நான் வேகம் எடுக்கவில்லை. எதிர்க்காற்று முழுக்க என் மேல் படும்படி நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாகத்தான் மலை இறங்கினேன்.